‘செவி தவறக்கூடும்’: மக்தப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கண்ணியத்திற்குரிய உலமாப் பெருமக்களுக்கும் பாடநூல் குழுவின் பொறுப்பாளர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். மக்தப் (பிள்ளைகளுக்கான மார்க்கக் கல்விக்கூடம்) ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலின் புதிய பதிப்பில், நபி (ஸல்) அவர்களின் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பாடம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. பழைய பதிப்பில் அது 6 பக்கம். இடம் போதாமல் சுருக்கினீர்கள் என்று நினைக்க வழியில்லை. அதே நூலில் வண்ணம் தீட்டுவதற்கென்று 2 பக்கம் சும்மா விடப்பட்டிருக்கிறது. ஆசிரியைகள் விசாரித்தபோது வாய்மொழியாகக் கிடைத்த பதில் இதுதான்: “அன்னை அவர்கள் நபித்தோழர்களைத் திருத்தினார்கள் என்று சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் ஸஹாபாக்கள் மீதுள்ள மரியாதை குறைந்துபோகும்.”

இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. மரியாதையை எப்படிக் காப்பது என்பதற்கே அந்தப் பகுதிதான் பாடம். அதைப் பிறகு விளக்குகிறோம். முதலில், மிச்சம் வைத்த ஒன்றரைப் பக்கத்தில் இருக்கும் பிழைகளைப் பாருங்கள்.

பாடத்தின் தலைப்புக்குக் கீழே கட்டம் கட்டி ஒரு வாசகம் போட்டிருக்கிறீர்கள்: “உங்கள் மார்க்கத்தில் பாதியை இந்த ஹுமைராவிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.” ஹுமைரா என்பது அன்னையைக் குறிக்கும் செல்லப்பெயர். நபிமொழி என்று கீழே குறிப்பு வேறு. இதற்கு அறிவிப்பாளர் தொடர் (யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற பெயர்ச் சங்கிலி) எதையும் தாம் அறியவில்லை என்று ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானீ சொல்லிவிட்டார். அவருக்கு முன்பே இப்னு கஸீர் தம் காலத்து ஹதீஸ் அறிஞர்களான மிஸ்ஸீயிடமும் தஹபீயிடமும் கேட்டதற்கு அவர்களும் தெரியாது என்றே சொன்னார்கள். மேடைப் பேச்சில் இது ஓடிக்கொண்டிருப்பது வேறு. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் நூலில் ஏறுவது வேறு. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்காமல் எந்தச் செய்தியையும் விடாத ஒருவரைப் புகழ, தொடரே இல்லாத செய்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் வைக்கத் திர்மிதீயின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) சொன்னது இருக்கிறது: நபித்தோழர்களாகிய எங்களுக்கு ஒரு ஹதீஸில் சிக்கல் வந்து ஆயிஷாவிடம் கேட்டால், அதைப் பற்றிய அறிவு அவரிடம் இல்லாமல் இருந்ததில்லை. கட்டத்துக்குள் அழகாக அடங்கும்.

இரண்டாவது பிழை மாலையில். அன்னையின் மாலை தொலைந்தது இரண்டு தனித்தனி நிகழ்ச்சி. நூலோ ஒன்றாக்கிவிட்டது. “மாலை தொலைந்ததால் படை தங்கியது, தண்ணீர் இல்லை, தயம்மும் வசனம் இறங்கியது, பிறகு நயவஞ்சகர்கள் அவதூறு சொன்னார்கள்” என்று ஒரே பத்தியில் ஓடுகிறது. தயம்மும் (தண்ணீர் இல்லாதபோது மண்ணால் செய்யும் தூய்மை) நிகழ்ச்சியில் மாலைக்காகப் படை முழுவதும் நின்றது. பைதா அல்லது தாத்துல் ஜைஷ் என்னும் இடம். மாலை சகோதரி அஸ்மாவிடம் வாங்கிய இரவல். நபி (ஸல்) அவர்கள் அன்னையின் மடியில் தலை வைத்து உறங்க, தந்தை அபூபக்ர் (ரலி) வந்து, மக்களைத் தண்ணீரில்லாத இடத்தில் நிறுத்திவிட்டாயே என்று கடிந்து இடுப்பில் குத்துகிறார். நபியின் உறக்கம் கலையக்கூடாது என்று அன்னை அசையாமல் இருந்தார்கள். கடைசியில் ஒட்டகத்தை எழுப்பினால் மாலை அதன் அடியில் கிடக்கிறது. அன்னையின் கற்பின் மீது பழி சுமத்தப்பட்ட அவதூறு நிகழ்ச்சியில் நடந்தது இதற்கு நேர் எதிர். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழி. ளஃபார் மணிமாலை அறுந்து விழுந்ததைத் தேடப் போனவர் திரும்புவதற்குள் படை கிளம்பிவிட்டது. எடை குறைந்தவராக இருந்ததால், பல்லக்கைத் தூக்கி வைத்தவர்களுக்கு உள்ளே ஆள் இல்லாதது தெரியவில்லை. ஒன்றில் எல்லோரும் காத்திருந்தார்கள், மற்றதில் யாரும் காத்திருக்கவில்லை. இரண்டையும் கலந்தால், “படைதான் கூடவே தங்கியிருந்ததே, பிறகு எப்படித் தனியாக விடப்பட்டார்?” என்று பத்து வயதுப் பிள்ளை கேட்கும். கேட்கவும் செய்கிறார்கள்.

மூன்றாவது, “அன்னை தம் அறையிலேயே நபியவர்களுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்கள்” என்ற வரி. தவறு. ஹிஜ்ரீ 58, ரமளான் 17இல் (கி.பி. 678) மறைந்து, இரவிலேயே மதீனாவின் அடக்கத்தலமான ஜன்னத்துல் பகீஃயில் அடக்கப்பட்டார்கள். அந்த அறையில் இருந்த இடத்தைத் தமக்கென்று வைத்திருந்தவர்கள், உமர் (ரலி) குத்துப்பட்டுக் கிடந்து மகனை அனுப்பி அனுமதி கேட்டபோது, “எனக்காக நினைத்திருந்தேன், இன்று என்னைவிட அவருக்கே முன்னுரிமை தருகிறேன்” என்று விட்டுக்கொடுத்தார்கள். தம்மை அங்கே அடக்க வேண்டாம், பகீஃயில் தம் தோழிகளோடு அடக்கினால் போதும் என்று அப்துல்லாஹ் இப்னு ஸுபைரிடம் சொல்லியும் வைத்தார்கள். நூலின் ஒரு பிழையான வரியால் இந்த இரண்டு பேச்சும் காணாமல் போய்விட்டன.

நான்காவதைப் பிழை என்று சொல்ல முடியாது, மறைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். “பெண்களில் அதிக ஹதீஸ்களை அறிவித்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ஆண்களையும் சேர்த்து எண்ணினாலும் அவர் நான்காமவர்: அபூஹுரைரா 5374, இப்னு உமர் 2630, அனஸ் 2286, ஆயிஷா 2210. ஆயிரத்துக்கு மேல் அறிவித்த நபித்தோழர் எழுவரில் பெண் அவர் ஒருவரே. இப்னு அப்பாஸுக்கு 1660தான். இந்தப் பட்டியல் ஏழாம் வகுப்பு ஹதீஸ் கலைப் பாடத்தில் உங்கள் நூலிலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் மட்டும் ஏன் “பெண்களில்” என்று சுருங்கியது?

இனி, வெட்டிய பகுதிக்கு வருகிறோம்.

பழைய நூலில் 3 திருத்தங்கள் இருந்தன. முதலாவது, ரஜப் மாத உம்ரா (மக்கா சென்று செய்யும் சிறு புனிதப் பயணம்). முஜாஹிதும், அன்னையின் சகோதரி மகனும் மாணவருமான உர்வாவும் பள்ளிக்குள் வருகிறார்கள். அன்னையின் அறைக்கு அருகே இப்னு உமர் (ரலி) அமர்ந்திருக்கிறார். நபியவர்கள் எத்தனை உம்ரா செய்தார்கள் என்று கேட்டதற்கு, நான்கு, அதில் ஒன்று ரஜபில் என்கிறார். மறுத்துப் பேச இருவருக்கும் மனம் வரவில்லை. அறைக்குள் மிஸ்வாக்கால் பல் துலக்கும் ஓசை கேட்கிறது. உர்வா வெளியே நின்றபடியே, “அன்னையே, அபூ அப்துர் ரஹ்மான் சொல்வதைக் கேட்டீர்களா?” என்கிறார். இப்னு உமரைத்தான் அப்படி அழைக்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: “அபூ அப்துர் ரஹ்மானுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும். நபி (ஸல்) செய்த எந்த உம்ராவிலும் அவர் கூட இல்லாமல் இல்லை. ரஜபில் அவர்கள் உம்ரா செய்ததே இல்லை.” இப்னு உமர் கேட்டுக்கொண்டிருந்தார்; ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்தச் சிறு காட்சியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். திருத்தம் துஆவில் (பிரார்த்தனையில்) தொடங்குகிறது. எதிரில் இருப்பவரின் தகுதியை, அவரும் கூடவே இருந்தார் என்பதை, முதலில் ஒப்புக்கொள்கிறது. பிறகுதான் பிழையைத் தொடுகிறது, அதுவும் ஒரே வாக்கியத்தில். திருத்தப்பட்டவர் வீம்புக்குப் பேசவில்லை. மரியாதை குறைந்துவிடும் என்று நீங்கள் பயந்து எடுத்தது இதைத்தான்.

இரண்டாவது, மையித்துக்காக (இறந்தவருக்காக)க் குடும்பத்தார் அழுவதால் மையித் வேதனை செய்யப்படும் என்ற செய்தி. உமரும் அவர் மகனும் அறிவித்தது. அன்னை இதை இரண்டு பக்கமிருந்து சோதித்தார்கள். ஒன்று குர்ஆன்: “ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார்” (6:164). இன்னொன்று சந்தர்ப்பம்: இறந்துபோன ஒரு யூதப் பெண்ணுக்காக அவள் வீட்டார் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு, “இவர்கள் அழுகிறார்கள், அவளோ கப்ரில் வேதனை செய்யப்படுகிறாள்” என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள், அழுகையால் வேதனை என்று சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு செய்தி, கேட்டவர் காதில் காரணமும் விளைவுமாக ஒட்டிக்கொண்டது. அப்போது அன்னை சொன்னதாக முஸ்லிம் தொகுப்பில் வரும் வாக்கியத்தை நூலின் அட்டையிலேயே அச்சடிக்கலாம்: “பொய்யர்களும் அல்லாத, பொய்யர்கள் என்று சொல்லப்படவும் இயலாத இருவரைப் பற்றி எனக்குச் சொல்கிறீர்கள். ஆனால் செவி தவறக்கூடும்.”

பொய் வேறு, பிழை வேறு என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வாக்கியம் எங்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் வழிகாட்டியில் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: அன்னையின் எல்லாத் திருத்தங்களையும் பின்வந்த இமாம்கள் அப்படியே ஏற்றுவிடவில்லை. இந்த அழுகை ஹதீஸையே, ஒப்பாரி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனவரைப் பற்றியது என்று விளக்கி, இரண்டையும் பொருத்தியவர்கள் உண்டு. அதையும் சொல்லிக்கொடுக்கட்டும். அன்னை தவறே செய்யாதவர் என்று நிறுவுவது பாடத்தின் வேலை இல்லை. எப்படிச் சரிபார்த்தார் என்று காட்டுவதுதான் வேலை.

மூன்றாவது, ஹஜ்ஜிலும் உம்ராவிலும் இடையே நடந்துவரும் மக்காவின் ஸஃபா, மர்வா குன்றுகள். “அவ்விரண்டையும் சுற்றிவருவது குற்றமில்லை” என்ற 2:158 வசனத்தைப் படித்த உர்வா, அப்படியானால் தொங்கோட்டத்தை விட்டாலும் குற்றமில்லையே என்கிறார். அன்னையின் பதில் இலக்கணத்தில் தொடங்குகிறது: நீ சொல்வதுபோல் இருந்தால் வசனம் “சுற்றாமல் இருப்பது குற்றமில்லை” என்றல்லவா வந்திருக்கும்? பிறகு பின்னணி: இஸ்லாத்துக்கு முன் முஷல்லல் என்னும் இடத்தில் இருந்த மனாத் சிலைக்காக இஹ்ராம் (புனிதப் பயண நிய்யத்து) கட்டிய மதீனாவின் அன்சாரிகள், ஸஃபா மர்வாவுக்கு இடையில் ஓடுவதைத் தயக்கத்தோடு பார்த்தார்கள், அந்தத் தயக்கத்தைப் போக்கவே “குற்றமில்லை” என்று இறங்கியது. ஒரு “இல்லாமல்” எங்கே நிற்கிறது என்பதில் ஒரு கடமையே தங்கியிருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வைத்துக் காட்டினாலும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்: “நீ வருவதில் தப்பில்லை”, “நீ வராமல் இருப்பதில் தப்பில்லை”.

பெண் பிள்ளைகளின் மேல்வகுப்புக்கு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறோம். கடமையான குளிப்பில் பெண்கள் சடையை அவிழ்க்க வேண்டும் என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) சொல்லிவந்தார். அன்னை, “அதற்குப் பதில் தலையையே மழிக்கச் சொல்லக்கூடாதா? நானும் நபியவர்களும் ஒரே பாத்திரத்திலிருந்து குளிப்போம், மூன்று முறை தலையில் ஊற்றுவதைவிட நான் அதிகம் செய்ததில்லை” என்றார்கள். சட்டம், அளவு, நேரடிச் சாட்சி எல்லாம் ஒன்றாக வருகிற இடம். கொஞ்சம் கோபமும் உண்டு. அன்னைக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது? தொழுகையை முறிப்பவை நாய், கழுதை, பெண் என்று பிறர் சொல்லக் கேட்டபோது, “எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே” என்று சொன்னதும் அவர்கள்தாம். நபியவர்கள் தொழும்போது தாம் கிப்லாவுக்கு (தொழும் திசைக்கு) நேராகப் படுத்திருந்ததையும், அந்நாளில் வீடுகளில் விளக்கு இருந்ததில்லை என்பதையும் சொன்னார்கள்.

இப்னு அம்ருவிடம் அன்னை செய்த இன்னொரு சோதனை இந்தப் பாடத்துக்கே மகுடம். கல்வி உலகிலிருந்து எப்படி எடுக்கப்படும் என்ற ஹதீஸை அவர் சொன்னதாக உர்வா வந்து சொல்ல, அன்னை உடனே ஏற்கவில்லை. ஓராண்டு பொறுத்து, அவர் மீண்டும் ஹஜ்ஜுக்கு வந்தபோது, போய்ப் பேச்சுக் கொடுத்து அதையே திரும்பக் கேள் என்று அனுப்பினார்கள். ஓர் எழுத்து மாறாமல் அதே செய்தி வந்ததும், “அல்லாஹ்வின் மீது ஆணையாக, அப்துல்லாஹ் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்” என்றார்கள். தாம் திருத்திய ஒருவரைப் பாராட்டவும் தெரிந்தவர்கள்.

இப்படி நபித்தோழர்களை அன்னை திருத்திய இடங்களைத் திரட்டித் தனி நூலே செய்தார் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ. ஹிஜ்ரீ 794இல் மறைந்தவர். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஷாஃபிஈ மத்ஹப் அறிஞருக்கு இதில் ஸஹாபாக்களின் மரியாதை குறைவதாகத் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 3 திருத்தங்களையும் எடுத்த நீங்கள், அன்னையின் ஒரு சொல்லை மட்டும் விடாமல் வைத்திருக்கிறீர்கள்: பெண்கள் இப்போது உண்டாக்கியிருப்பதை நபியவர்கள் பார்த்திருந்தால் அவர்களைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுத்திருப்பார்கள் என்பது. சரியான அறிவிப்புதான், புகாரியில் உள்ளது, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதை அன்னையிடமிருந்து கேட்டு நமக்குச் சொன்னவர் யார்? அம்ரா பின்த் அப்திர் ரஹ்மான் என்ற பெண். அன்னையிடம் வளர்ந்தவர். ஹதீஸ்களைத் தொகுக்கச் சொல்லி மதீனாவின் அபூபக்ர் இப்னு ஹஸ்முக்குக் கலீஃபா உமர் இப்னு அப்தில் அஸீஸ் எழுதிய கடிதத்தில், அம்ராவிடம் உள்ளவற்றை எழுதிவை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவர். உங்கள் நூலில் எந்த வகுப்பிலும் அவர் பெயர் இல்லை.

அவதூறு நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம். “அன்னை அழுதார்கள், அல்லாஹ் வசனம் இறக்கினான்” என்று இரண்டு வரியில் முடித்தால் ஒரு மாத காலம் அந்த வதந்தி மதீனாவில் எப்படி ஓடியது என்பதே தெரியாமல் போகும். பணிப்பெண் பரீராவிடம் விசாரித்தபோது, குறை என்று சொல்ல அவருக்குக் கிடைத்தது ஒன்றே: சின்ன வயது, பிசைந்த மாவை விட்டுவிட்டுத் தூங்கிவிடுவார், ஆடு வந்து தின்றுவிடும். நபியின் இன்னொரு மனைவி ஸைனப் பின்த் ஜஹ்ஷ், போட்டிக்கு நின்றவர், “என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், நல்லதைத் தவிர எதையும் நான் அறியேன்” என்றார். அவருடைய சகோதரி ஹம்னாவோ பரப்பியவர்களில் ஒருவர். ஒரே வீட்டில் இரு நாக்கு. 24:15 இதைத்தான் நாவுகளால் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியது என்கிறது. கைப்பேசியில் வருவதை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. அன்னை பின்னாளில் கலந்துகொண்ட உள்நாட்டுப் போரான ஜமல் போரைப் பற்றி இந்த வயதில் ஒரு வரியும் தேவையில்லை. அதை விட்டது சரிதான்.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டு போதும். முதல் வேளையில் காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டு. பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு பகுதி உள்ள ஒரு வாக்கியம், இரண்டுக்கும் நடுவே எந்தக் காரணத் தொடர்பும் இருக்கக்கூடாது: “மழை பெய்தது, மாமா ஊருக்குப் போனார்.” நான்காம் பிள்ளை, எட்டாம் பிள்ளை, கடைசிப் பிள்ளை மூவரும் கேட்டதைத் தாளில் எழுத வேண்டும். பெரும்பாலும் எட்டாவது வருவதற்குள் “மழை பெய்ததால்” என்று ஆகிவிடும். அழுகை ஹதீஸில் நடந்தது பலகையிலேயே வந்துவிடுகிறது. சிரிப்பு மூட்டும் வாக்கியத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் வேண்டுமென்றே திரிப்பார்கள். சப்பென்ற வாக்கியம்தான் வேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் செய்தி மாறிவிட்டது என்பதைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவைத்த பிறகு, இரண்டாம் வேளையில் இப்னு உமர் நிகழ்ச்சியை வாசித்தால் அவர் மேல் ஒரு பிள்ளைக்கும் மரியாதை குறையாது. முன்னதாகவே வாசித்தால் குறைய வாய்ப்புண்டு. வரிசைதான் முக்கியம். பழைய நூலில் குறை என்று ஒன்று இருந்தால் அது இந்த வரிசை இல்லாததுதான். வரிசையைத் திருத்துவதை விட்டுப் பாடத்தையே எடுத்துவிட்டீர்கள்.

தேர்வுத் தாளும் மாற வேண்டும். தந்தை பெயர், தாய் பெயர், மறைந்த ஆண்டு, ஹதீஸ் எண்ணிக்கை: நான்கு கேள்வியும் மனப்பாடம். “இப்னு உமரைத் திருத்தும்போது அன்னை முதலில் சொன்ன சொல் எது, ஏன்?” என்று ஒரு கேள்வி வையுங்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

மேலே சொன்ன மூன்று பிழைகளுக்கும் ஒரு மறைப்புக்கும் ஒரு பக்கத் திருத்தப்பட்டியல் அச்சடித்து, ஷவ்வாலில் பாட ஆண்டு தொடங்குமுன் எல்லா மக்தப்களுக்கும் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே விற்ற பிரதிகளில் ஒட்டிக்கொள்ள வசதியாக அது நூலின் அளவிலேயே இருக்கட்டும். ஹுமைரா வாசகத்தின் மேல் ஒட்ட அபூமூஸா (ரலி) அவர்களின் சொல்லைத் தனிச் சீட்டாகத் தாருங்கள்.

அடுத்த பதிப்பில் 3 திருத்தங்களும் திரும்ப வர வேண்டும். சடை ஹதீஸ் பெண்கள் மேல்வகுப்பு நூலில் சேர வேண்டும். உர்வாவின் பெயரோடு அம்ராவின் பெயரும் மாணவர் பட்டியலில் வர வேண்டும். நடத்தும் வரிசையையும் விளையாட்டையும் ஆசிரியர் வழிகாட்டியில் ஒரு பக்கமாகச் சேருங்கள். எழுதித்தர நாங்கள் தயார்.

பாடநூல் சரிபார்க்கும் குழுவில் இப்போது ஆலிமா (பெண் மார்க்க அறிஞர்) ஒருவரும் இல்லை. குறைந்தது இருவர் இருக்க வேண்டும், கையெழுத்துப்படி அச்சுக்குப் போகுமுன் அவர்கள் கையில் வர வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதையாவது மறுப்பதானால், எந்த ஆதாரத்தின்படி என்று எழுத்தில் தாருங்கள். வாய்மொழிப் பதில் வேண்டாம். ஷஅபான் மாதம் முடியுமுன் எதிர்பார்க்கிறோம்.

வஸ்ஸலாம்.

மக்தப் மதரஸாக்களில் பாடம் நடத்தும் ஆலிமாக்களும் ஆசிரியைகளும்